ரக்னரோக் போரில் உலகங்களைக் காப்பவர் யார்? நார்ஸ் மூலநூல்கள் பற்றி ஒரு கேள்வி

கதைசொல்லி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதின்ம வயதினருக்காக நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியத் தொன்மக் கதைகளைத் தமிழில் எழுதி வருகிறேன். இக்ட்ரசில் மரம், தோரின் சம்மட்டி, பால்டரின் சாவு ஆகிய பகுதிகளை முடித்துவிட்டு, இறுதி அத்தியாயமான ரக்னரோக் என்னும், தேவர்களின் கடைசிப் போருக்கு வந்திருக்கிறேன். திரைப்படங்களாலும் கணினி விளையாட்டுகளாலும் இளம் வாசகர்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை பழகியிருக்கிறது. ஒன்பது உலகங்களையும் இருளில் மூழ்கடிக்கப் பழைய பகைக்கூட்டம் ஒன்று திரண்டு வருகிறது. சம்மட்டி ஏந்திய தேவன் தனியொருவனாக எதிர்த்து நின்று அதை முறியடிக்கிறான். இந்தக் கதைகளின் மூலங்களான எட்டா நூல்களின் மொழிபெயர்ப்புகளை வாசிக்கத் தொடங்கிய பிறகு, இந்தக் கதை அவற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். நான் கண்டவரையில் அங்கே சம்மட்டி ஏந்திய தோரும் இறக்கிறான், தேவர்களின் தலைவனான ஓடினும் இறக்கிறான், உலகமும் எரிந்து கடலில் மூழ்குகிறது.

எனவே இந்த நூல்களை ஊன்றிப் படித்தவர்களிடம் கேட்கிறேன். உலகங்களை இருளாக்க வேண்டும் என்று எண்ணும் பகைவர் எவரேனும் மூலநூல்களில் உண்டா? கருநிற எல்ஃப்கள் என்னும் மாய இனத்தவர் அப்படிப்பட்டவர்களா? தேவர்களில் எவராவது உலகத்தைக் காப்பாற்றினார் என்று நேர்மையாகச் சொல்ல இடம் இருக்கிறதா? தோல்வி முன்பே தெரிந்திருந்தும் அவர்கள் போருக்குப் போவதை இளம் வாசகர்களுக்கு எப்படிச் சொல்வது? மூலத்தைத் திரித்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஏடுதேடி எழுதியது:

அன்புள்ள கதைசொல்லிக்கு, முதலில் நமக்கு எவை மூலங்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற விடைகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. ரக்னரோக் பற்றி நாம் அறிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட இரண்டு நூல்களில் இருக்கிறது. ஒன்று செய்யுள் எட்டா. அதன் முதன்மை ஏடான கோடெக்ஸ் ரெஜியஸ் 1270ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. 1643இல் பிஷப் பிரின்யோல்ஃபுர் ஸ்வெயின்சன் கையில் கிடைத்து, பின்னர் டென்மார்க் அரசருக்கு அனுப்பப்பட்டு, 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. மற்றொன்று ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டா. ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றது ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில். அதாவது ஸ்னோரி எழுதும்போது பழைய வழிபாடு மறைந்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர் கிறித்தவர். பழைய கவிதைகளைப் புரிந்துகொள்ள இளம் கவிஞர்களுக்கு வழிகாட்டியாகவே அவர் இந்த நூலை இயற்றினார். ஆகவே இரு நூல்களும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறாகச் சொல்லும்போது, யார் எப்போது எதற்காகச் சொன்னார் என்பதை நாம் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி எல்ஃப்களைப் பார்ப்போம். ஒளி எல்ஃப்கள் சூரியனைவிட அழகானவர்கள் என்றும், கருநிற எல்ஃப்கள் நிலத்தடியில் வாழ்பவர்கள், கீலைவிடக் கருத்தவர்கள் என்றும் ஸ்னோரி ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர்கள் தேவர்கள்மீது படையெடுத்ததாகவோ, உலகங்களை இருளாக்க முயன்றதாகவோ எங்கும் ஒரு சொல்கூட இல்லை. ரக்னரோக் நெருங்கும்போது, தேவர்களுக்கு என்ன நேர்ந்தது, எல்ஃப்களுக்கு என்ன நேர்ந்தது என்று வோலுஸ்பா என்னும் பாடல் ஒரே மூச்சில் கேட்கிறது. குள்ளர்கள் தங்கள் பாறைக் கதவுகளின் முன்னே நின்று புலம்புகிறார்கள் என்கிறது. அதாவது எல்ஃப்கள் அஞ்சி நடுங்குபவர்களின் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒன்பது உலகங்கள் என்ற எண் பழைய பாடல்களில் வருகிறது. ஆனால் ஒன்பதின் பெயர்களையும் வரிசையாக அடுக்கித் தரும் மூலநூல் எதுவும் இல்லை. இன்று காணப்படும் பட்டியல்கள் பிற்காலத்தவர் தொகுத்தவை.

இருள்தான் பகை என்ற எண்ணத்தையே நீங்கள் விட்டுவிடலாம் என்று கருதுகிறேன். ஸ்னோரி தரும் குலவரிசையில் இரவு என்பவள் ஒரு பெண்; அவள் பெற்ற மகனே பகல். இரவின் குதிரையான ஹ்ரிம்ஃபாக்சியின் கடிவாளத்திலிருந்து வழியும் நுரைதான் விடியற்காலையில் பனித்துளியாக நிலத்தை நனைக்கிறது. அவளுக்கு யோர்ட், அதாவது பூமி என்ற மகளும் உண்டு. யோர்டின் மகன் தோர். ஆகவே இருளை எதிர்த்துப் போராடுபவனாக நாம் கற்பனை செய்யும் அதே தோருக்கு இரவு பாட்டி முறையாகிறாள். இந்த ஒரு செய்தியை உங்கள் இளம் வாசகர்களுக்குச் சொன்னாலே, அவர்கள் கதையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவார்கள்.

ஆம், ரக்னரோக்கில் சூரியன் கருக்கிறது, விண்மீன்கள் மறைகின்றன. அது ஓநாய் சூரியனை விழுங்குவதால் நேர்வது. வானில் சூரியனைத் துரத்தும் ஓநாய்க்கு ஸ்கோல் என்று பெயர். வாஃப்த்ருத்னிஸ்மால் என்னும் பாடலோ விழுங்குவது ஃபென்ரிர் என்னும் பேரோநாய் என்கிறது. ஆனால் இறுதி அழிவைக் கொண்டுவருபவன் சுர்ட் என்னும் நெருப்பு அரக்கன். அவன் தெற்கிலிருந்து நெருப்போடு வருகிறான். அவனுடைய வாள் சூரியனைவிடப் பிரகாசமாக ஒளிர்கிறது என்று ஸ்னோரி எழுதுகிறார். உலகத்தை எரித்து முடிப்பது கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளிதான். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராக இதை எழுதினால் சுர்டை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?

பனிக்காடு எழுதியது:

ஏடுதேடி அவர்கள் சொன்னதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். காப்பாற்றியவர் யார் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி அது.

தோரின் போர் ரக்னரோக் நாளில் திடீரென்று தொடங்குவதில்லை. மனிதர் வாழும் மிட்கார்டைச் சுற்றிக் கடலில் வளைந்து கிடக்கும் பெரும்பாம்பான யோர்முங்காண்டை அவன் அதற்கு முன்பே இருமுறை சந்தித்துவிடுகிறான். உட்கார்ட் லோகி என்னும் அரக்க அரசனின் அரண்மனையில் ஒரு சாம்பல்நிறப் பூனையைத் தூக்கச் சொல்கிறார்கள். தோர் எவ்வளவு முயன்றும் அதன் ஒரு பாதம் மட்டுமே தரையைவிட்டு எழுகிறது. அந்தப் பூனை உண்மையில் அந்தப் பாம்புதான் என்றும், பாதம் எழுந்தபோது பார்த்திருந்தவர்கள் அனைவரும் நடுங்கிப்போனார்கள் என்றும் மறுநாள் தெரியவருகிறது. அடுத்து ஹிமிர் என்னும் அரக்கனோடு படகேறிப் போய், எருதின் தலையைத் தூண்டிலில் இரையாக மாட்டிப் பாம்பையே இழுத்துப் பிடிக்கிறான். ஸ்னோரி சொல்லும் வடிவத்தில் அஞ்சிப்போன ஹிமிர் கயிற்றை வெட்டிவிடுகிறான். ஸ்வீடனின் ஆல்துனாவில் உள்ள, ரூன் என்னும் பழைய எழுத்துகள் பொறித்த கல்லில் இந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இழுத்த வேகத்தில் தோரின் கால் படகின் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்பது வரை சிற்பி காட்டியிருக்கிறார். எழுத்தில் பதிவாவதற்கு முன்பே இந்தக் கதை மக்களிடையே எவ்வளவு தெளிவாக வழங்கியது என்பதற்கு அந்தக் கல்லே சான்று.

மூன்றாவது சந்திப்பில் தோர் பாம்பைக் கொல்கிறான். ஒன்பது அடி எடுத்துவைத்துவிட்டு அதன் நஞ்சால் விழுந்து இறக்கிறான். வோலுஸ்பா அந்த இடத்தில் அவனை மிட்கார்டின் காவலன் என்று அழைக்கிறது. அதே செய்யுளில் மனிதர் எல்லோரும் தங்கள் வீடுகளைவிட்டு நீங்குவார்கள் என்றும் சொல்கிறது. காவலன் தன் கடமையை முடிக்கிறான், ஆனால் காக்கப்பட வேண்டிய ஊர் காலியாகிவிடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாடிய கவிஞரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இருந்தாலும் பாம்பு மீண்டும் எழவில்லை என்பதை மறக்க வேண்டாம். பின்னர் பிறக்கும் புதிய உலகில் தோரின் புதல்வர்களான மோடியும் மாக்னியும் தந்தையின் சம்மட்டியான மியோல்னிரை ஏந்தி நிற்கிறார்கள். பாம்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஓடினின் வழி வேறு. அவன் நெடுங்காலம் ஆயத்தம் செய்கிறான். ஒரு கண்ணை மிமிரின் கிணற்றுக்குக் கொடுத்து அறிவைப் பெறுகிறான். களத்தில் இறந்த வீரர்களை வல்ஹல்லாவில் சேர்க்கிறான். அந்த மண்டபத்துக்கு 540 வாயில்கள் என்றும், ஓநாயை எதிர்க்கப் புறப்படும் நாளில் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் 800 வீரர்கள் வெளிவருவார்கள் என்றும் க்ரிம்னிஸ்மால் என்னும் பாடல் சொல்கிறது. பெருக்கினால் 4,32,000, கலியுகத்தின் ஆண்டுக் கணக்கு உங்களில் பலருக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் பழைய நார்ஸ் வழக்கில் நூறு என்பது பெரும்பாலும் 120ஐக் குறித்தது. அப்படிக் கணக்கிட்டால் தொகை ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும். எனவே அந்த ஒற்றுமையை வைத்து எதையும் கட்டியெழுப்ப வேண்டாம். இத்தனை ஆயத்தத்துக்குப் பிறகும் ஃபென்ரிர் ஓடினை விழுங்கிவிடுகிறது.

என் பார்வையில் உங்கள் அத்தியாயத்தின் நாயகன் அதற்கு அடுத்து வரும் விடார். ஓடினின் மகனான அவன் அதிகம் பேசாதவன். அவன் ஒரு காலை ஓநாயின் கீழ்த்தாடையில் ஊன்றி, மேல்தாடையைக் கையால் பற்றி வாயைக் கிழித்துக் கொல்கிறான் என்பது ஸ்னோரியின் கூற்று. வோலுஸ்பாவில் நெஞ்சில் வாளைப் பாய்ச்சுகிறான். நீங்கள் விட்டுவிடக் கூடாதது அந்தக் காலில் இருக்கும் காலணி. மனிதர்கள் தங்கள் காலணிகளைத் தைக்கும்போது விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் வெட்டி எறியும் தோல்துண்டுகள் எல்லாம் காலங்காலமாகச் சேர்ந்து உருவானது அது. தேவர்களுக்கு உதவ விரும்புகிறவர் அந்தத் துண்டுகளை எறிந்துவிட வேண்டும் என்று ஸ்னோரி வெளிப்படையாகவே சொல்கிறார். இதற்கு நேர் எதிராக, பகைவரின் கப்பலான நாக்ல்ஃபார் இறந்தவர்களின் நகங்களால் கட்டப்படுகிறது. நகம் வெட்டாமல் ஒருவரை இறக்கவிட்டால் அந்தக் கப்பலுக்கு நாம் பொருள் கொடுத்தவர்கள் ஆகிறோம். அரசனும் வீரனும் மட்டுமே பங்குகொள்ளும் போராக இது இல்லை. காலணி தைப்பவர், சாகக் கிடப்பவரின் அருகில் இருந்து பணிவிடை செய்பவர் ஆகியோரின் கைகளும் உலகத்தின் கடைசிப் போரில் இருக்கின்றன. திரைப்படங்கள் தொடாத இந்த இடத்தில்தான் உலகத்தைக் காப்பது என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைக்கிறது என்று நம்புகிறேன்.

கல்வெட்டு வாசகி எழுதியது:

பனிக்காடு அவர்களின் பதிலை மகிழ்ச்சியோடு படித்தேன். காலணி பற்றிய பகுதி அத்தியாயத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் விடாரைக் காப்பாளன் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவன் தந்தைக்காகப் பழிவாங்குகிறான், அவ்வளவே. அதன் பிறகும் சுர்ட் உலகம் முழுவதையும் எரிக்கிறான். அவனைத் தடுப்பவர் எவரும் இல்லை. தடுத்திருக்கக்கூடிய பிரேயர் என்னும் தேவன், அரக்கர் குலப் பெண்ணான கெர்தை மணப்பதற்காகத் தன் வாளை முன்பே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்று மடிகிறான். மனித இனத்தில் எஞ்சுபவர்கள் லீஃப், லீஃப்த்ராசிர் என்னும் இருவர். அவர்கள் ஹொட்மிமிரின் காட்டில் ஒளிந்து, காலைப் பனித்துளியை உணவாகக் கொண்டு பிழைக்கிறார்கள். எந்தத் தேவனும் அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றதாகப் பாடல் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அழிவுக்குத் தேவர்களும் பொறுப்பாளிகள் என்பதை மூலநூல்கள் மறைக்கவில்லை. கோட்டை கட்டிக்கொடுத்த அரக்கனுக்குச் செய்த சத்தியத்தை மீறுகிறார்கள். ஃபென்ரிரைத் தாங்களே வளர்த்து, அதன் வளர்ச்சியைக் கண்டு அஞ்சி, விளையாட்டு என்று ஏமாற்றி விலங்கு பூட்டுகிறார்கள். க்லெய்ப்னிர் என்ற அந்த விலங்கு பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகியவற்றால் ஆனது. பட்டு நாடாவைப் போல மெல்லியது. நம்பிக்கைக்கு ஈடாக டைர் என்னும் தேவன் தன் வலக்கையை ஓநாயின் வாயில் வைக்கிறான். ஏமாந்தது தெரிந்ததும் ஓநாய் அதைக் கடித்துத் துண்டித்துவிடுகிறது. கடைசி நாளில் அவிழ்ந்து வருவது அதே ஓநாய்தான். சகோதரர்கள் ஒருவரையொருவர் கொல்வார்கள், அது கோடரியின் காலம், வாளின் காலம், காற்றின் காலம், ஓநாயின் காலம் என்று வோலுஸ்பா எச்சரிப்பது மனிதரைப் பற்றியது. ஆனால் சொல்தவறுதலைத் தொடங்கிவைத்தவர்கள் தேவர்களே. நல்லவர் ஒரு பக்கம், தீயவர் மறுபக்கம் என்று பிரித்து எழுதினால் இந்த ஆழம் போய்விடும்.

சூரியன் மங்குவதைப் பற்றி வரலாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. ரக்னரோக்குக்கு முன் இடையில் கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வரும் என்று ஸ்னோரி எழுதுகிறார்; இதுவே ஃபிம்பல் குளிர்காலம். 536ஆம் ஆண்டில் நிகழ்ந்த பெரிய எரிமலை வெடிப்பும், 540 வாக்கில் நிகழ்ந்த இன்னொன்றும் பனிப்படிவங்களில் தடம் விட்டிருக்கின்றன. 536இல் சூரியன் நிலவைப் போல ஒளி மங்கிக் கிடந்ததாகப் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதினார். ஸ்காண்டிநேவியாவில் ஆறாம் நூற்றாண்டில் பல குடியிருப்புகள் கைவிடப்பட்டதைத் தொல்லியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டுத் தொல்லியலாளர் பூ கிரெஸ்லுண்ட் ஃபிம்பல் குளிர்காலக் கதையை இந்தப் பேரிடரின் நினைவோடு இணைத்தார். இடையில் பல நூற்றாண்டுகள் இருப்பதால் இதைக் கருதுகோளாகத்தான் சொல்ல வேண்டும். எனினும் விளைச்சல் பொய்த்த ஒரு தலைமுறைக்குச் சூரியனை ஓநாய் விழுங்கும் கதை வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

கதைசொல்லி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு தோரின் பாட்டி என்பதும், தோல்துண்டுகளும் நகங்களும் பற்றிய செய்தியும் என் அத்தியாயத்தின் அமைப்பையே மாற்றிவிட்டன. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. காப்பாளன் என்று யாரையும் அழைக்க முடியாதென்றால், தோற்கப்போவது தெரிந்த ஓடின் ஏன் களத்துக்குப் போகிறான் என்பதற்கு மூலத்திலேயே விடை உண்டா? மேலும், பசுமையான புதிய பூமி கடலிலிருந்து எழும் காட்சியோடு நான் நூலை முடித்துக்கொள்ளலாமா?

ஏடுதேடி எழுதியது:

முதல் கேள்விக்கு நேரடியான விடையை எந்தப் பாடலும் தருவதில்லை. வோலுஸ்பாவின் அமைப்பை மட்டும் கவனியுங்கள். இறந்த காலத்தையும் வருங்காலத்தையும் அறிந்த ஒரு பெண் ஓடினிடம் அனைத்தையும் சொல்கிறாள். அவன் சாவையும் அவனிடமே சொல்கிறாள். உனக்கு இன்னும் தெரிய வேண்டுமா என்று நடுநடுவே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவன் நிறுத்தச் சொல்வதில்லை. ஹாவமால் என்னும் பாடலில், கால்நடைகள் இறக்கும், உறவினர் இறப்பர், நீயும் இறப்பாய், இறந்தவரைப் பற்றி உலகம் சொல்லும் தீர்ப்பு மட்டும் இறக்காது என்ற கருத்து ஓடினின் வாக்காகவே வருகிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் உங்கள் வாசகர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பிழைப்பதற்காக அவர்கள் போருக்குப் போகவில்லை. எப்படி நின்றார்கள் என்பது மட்டுமே அவர்கள் கையில் இருந்தது.

விடார் பற்றிய கருத்து வேற்றுமையில் நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். இங்கிலாந்தின் காஸ்ஃபோர்த்தில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உயரமான கற்சிலுவை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விலங்கின் வாயில் காலை ஊன்றி நிற்கும் உருவத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் விடார் என்றே இனம்காண்கிறார்கள். அதே சிலுவையில் இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியும் இருக்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்களுக்கு விடாரின் செயல் வெறும் பழிவாங்கலாக மட்டும் தெரிந்திருந்தால், மீட்பின் காட்சிக்கு இவ்வளவு அருகில் அதை வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதே சமயம் அது கிறித்தவக் கண்ணோட்டம் கலந்த வாசிப்பு என்பதையும் கல்வெட்டு வாசகி அவர்கள் சார்பாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. புதிய பூமி எழுகிறது, விதைக்காத வயல்கள் விளைகின்றன, பால்டரும் அவனை அறியாமல் கொன்ற ஹோடும் திரும்பிவந்து ஒன்றாக வாழ்கிறார்கள், தேவர்கள் முன்பு விளையாடிய பொற்காய்கள் புல்லில் கிடைக்கின்றன, சூரியன் தான் அழிவதற்கு முன் பெற்ற மகள் தாயின் பாதையில் செல்கிறாள் என்பவை எல்லாம் உண்மை. கொலையுண்டவனும் கொன்றவனும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதைச் சற்று விரித்தே எழுதுங்கள், ஏனெனில் அந்தக் கதைகளில் பழிக்குப் பழி என்ற சங்கிலி அறுபடும் அரிதான இடம் அது. ஆனால் கோடெக்ஸ் ரெஜியஸில் வோலுஸ்பா அத்துடன் முடிவதில்லை. நித்ஹோக் என்னும் கரிய டிராகன் தன் சிறகுகளில் பிணங்களைச் சுமந்தபடி சமவெளியின்மேல் பறந்து வருகிறது; ஓடினிடம் அனைத்தையும் சொன்ன அந்தப் பெண் தன் உரையை முடித்துக்கொண்டு அமிழ்கிறாள். டிராகன் புதிய உலகத்துக்கும் வந்துவிட்டதா, அல்லது அவள் போர் இன்னும் தொடங்காத தன் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிட்டாளா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. அந்தச் செய்யுளை வெட்டிவிடாமல் அப்படியே கொடுங்கள். ஹவுக்ஸ்போக் என்னும் மற்றொரு ஏட்டில் மேலிருந்து அனைத்தையும் ஆள ஒரு வல்லவர் வருவதாகக் கூடுதலாக ஒரு செய்யுள் உண்டு; அதில் கிறித்தவச் செல்வாக்கு இருக்கலாம் என்று பலர் கருதுவதால், கதையின் உடலில் சேர்க்காமல் முன்னுரையில் குறிப்பிடுவது நல்லது.